உலர்ந்ததா, காய்ந்ததா, வறண்டதா? நீர் போனதைச் சொல்லும் தமிழ்ச் சொற்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

துணி காய்ந்தது. தரை உலர்ந்தது. நாக்கு வறண்டது. கிணறு வற்றியது. செடி வாடியது. ஐந்திலும் நடந்தது ஒன்றுதான்: இருந்த நீர் இல்லாமல் போயிற்று. ஆனால் இந்த வினைகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். துணி வற்றியது, செடி வறண்டது, நாக்கு வாடியது என்றால் காது உடனே மறுக்கிறது. பேசும்போது சரியான சொல் தானாக வந்துவிடும். எழுதும்போது, அதுவும் வேறு மொழியிலிருந்து பெயர்க்கும்போது, கை தடுமாறி எல்லா இடத்திலும் 'வறண்ட' என்றோ 'உலர்ந்த' என்றோ போட்டுவிடுகிறது.

அகராதியைத் திறந்தால் உலர்தல் என்பதற்குக் காய்தல் என்றும், காய்தல் என்பதற்கு உலர்தல் என்றும் இருக்கும். பொருள் கிடைக்கும், எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பது கிடைக்காது. அதற்கு உதவுவது ஒரே கேள்வி: போன நீர் அதற்குமுன் எங்கே இருந்தது? மேலே ஒட்டியிருந்ததா, உள்ளே ஊறியிருந்ததா, தேங்கி நின்றதா, ஓர் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்ததா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: நீர் இருந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

உலர்தல். மேலே பட்ட ஈரம் போவதுதான் இதன் அடிப்படை. மழை நின்றதும் சாலை உலர்கிறது; எழுதிய மை உலர்கிறது; கழுவிய கை உலர்கிறது. வெயில் வேண்டும் என்றில்லை, காற்று போதும். மூலிகைக் குறிப்புகளில் 'நிழலில் உலர்த்தவும்' என்று எழுதுவது அதனால்தான். 'நிழலில் காயவைக்கவும்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது தப்பில்லை. ஆனால் உலர்த்து என்ற சொல்லில் இருக்கும் மென்மை அதில் இல்லை.

உலர்ந்த பொருள் பெரும்பாலும் தன் இயல்புக்குத் திரும்புகிறது. ஈரத் தரை உலர்ந்தால் அது பழைய தரை. இழப்பு, குறை, ஏக்கம் எதையும் இந்தச் சொல் சுமப்பதில்லை. ஆகவேதான் அறிவியலும் வணிகமும் இதையே எடுத்துக்கொண்டன: உலர் எடை, உலர் மின்கலம், உலர் சலவை, உலர் பனிக்கட்டி. இலங்கைத் தமிழில் நாட்டின் நிலப்பகுதிகளை உலர் வலயம், ஈர வலயம் என்று பிரிக்கிறார்கள். நிவாரணமாகக் கொடுக்கும் அரிசி பருப்புப் பையை உலர் உணவுப் பொதி என்கிறார்கள். உலர் திராட்சை மட்டும் மேற்பரப்பு ஈரம் இல்லையே என்று கேட்கலாம். உள்ளே இருந்த நீரை வேண்டுமென்றே, கெடாமல் வைப்பதற்காக எடுத்தது அது. அப்படி எடுத்த இடங்களிலும் உலர் பொருந்துகிறது.

காய்தல். இந்தச் சொல்லிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதன் மையத்தில் இருப்பது நீர் இல்லை, சூடு. வெயில் காய்கிறது. நிலவு காய்கிறது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடுகிறோம். இரும்பைக் காய்ச்சி அடிக்கிறார்கள். நெருப்பருகே உட்கார்ந்து குளிர் காய்கிறோம். உடம்பு சுட்டால் காய்ச்சல். பழந்தமிழில் கோபப்படுவதும் காய்தல்தான். 'காய்தல் உவத்தல் இன்றி' என்று இன்றும் எழுதுகிறோமே, வெறுப்பும் விருப்பும் இல்லாமல் என்ற பொருளில், அந்தக் காய்தலும் இதுவே. சூடு பட்டால் ஈரம் போகும் என்பதால் காய்தலுக்கு ஈரம் போதல் என்ற பொருளும் சேர்ந்தது. 'காய்ந்த எண்ணெய்' சூடான எண்ணெய், 'காய்ந்த இலை' ஈரம் போன இலை. பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் நிற்கிறதோ அதுதான் பொருளை முடிவு செய்யும்.

விவசாயிகள் வாயில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற அருமையான தொடர் இருக்கிறது. நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கவிடாமல், ஒருமுறை பாய்ச்சி, அது மறையும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சும் முறை அது. இங்கே காய்ச்சல் நோயும் இல்லை, கொதிக்கவைப்பதும் இல்லை. நிலத்தைக் காயவிடும் இடைவெளி. களத்தில் 'நெல்லுக்கு இன்னும் ஒரு காய்ச்சல் வேண்டும்' என்பதும் இதே பொருளில்தான்.

அப்புறம், காய்தலுக்குப் பசியும் இல்லாமையும் உண்டு. வயிறு காய்கிறது, பட்டினி காயப்போட்டார்கள், கை காய்ந்துபோயிற்று (காசு இல்லை) என்கிறோம். 'காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்தாற்போல' என்ற பழமொழியில் மாடு வெயிலில் உலர்ந்துவிடவில்லை. பல நாள் தீனியின்றிக் கிடந்தது.

வற்றுதல். இதற்கு ஓர் அளவு வேண்டும். நின்ற நீரோ, சுரந்த நீரோ, உடம்பின் சதையோ மட்டம் இறங்கிக் குறைவதுதான் வற்றுதல். ஏரி வற்றும், ஆறு வற்றும், ஊற்று வற்றும், பசுவின் மடி வற்றும், கண்ணீர் வற்றும். துணி வற்றாது, ஏனென்றால் துணியில் மட்டம் என்று ஒன்று இல்லை. நோயில் கிடந்தவர் உடம்பு வற்றிப்போனார் என்று சொல்லும்போது சதையின் அளவு குறைந்ததைப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலிலும் அதே பார்வைதான்: நீர் போய் உருவமும் சுருங்கிவிட்டது. அன்பில்லாத வாழ்க்கையை வன்னிலத்தில் 'வற்றல் மரம் தளிர்த்தற்று' என்று வள்ளுவர் சொல்கிறார் (குறள் 78). அங்கே 'உலர்ந்த மரம்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். மழையில் நனைந்து பிறகு உலர்ந்த மரமாகிவிடும். குறளின் உயிரே போய்விடும்.

வற்றலின் பக்கத்து வீட்டுக்காரர் சுண்டுதல். அடுப்பில் பால் வற்றியது என்றால் குறைந்துபோனதைப் பார்க்கிறோம். பால் சுண்டியது என்றால் மிஞ்சியிருக்கும் கெட்டியைப் பார்க்கிறோம். நடந்தது ஒன்று, நோக்கு வேறு.

வறளுதல். இருக்க வேண்டிய ஈரம் இல்லை என்ற குறை இதில் இருக்கிறது. நிலம், நாக்கு, தொண்டை, தோல் எல்லாம் இயல்பாகவே ஈரத்தோடு இருக்க வேண்டியவை. அவற்றில் ஈரம் இல்லாவிட்டால் அது துன்பம். துணியில் ஈரம் இல்லாதது துன்பம் இல்லை. அதனால் துணி வறள்வதில்லை.

வற்றுதலையும் வறளுதலையும் பிரிக்க ஓர் எளிய வழி, முன்னால் 'பாதி' என்று போட்டுப் பார்ப்பது. 'கிணறு பாதி வற்றிவிட்டது' இயல்பாக வருகிறது. 'கிணறு பாதி வறண்டுவிட்டது' இடறுகிறது. வற்றுவது ஒரு போக்கு, அதில் கால், அரை, முக்கால் உண்டு. வறள்வது அந்தப் போக்கு முடிந்த நிலை. 'ஏரி வற்றி வறண்டு கிடக்கிறது' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது அந்த வரிசையே வந்துவிடுகிறது.

வானிலை அறிவிப்புகளில் வரும் 'வறண்ட வானிலை' மழை இருக்காது என்பதைச் சொல்கிறது. 'உலர்ந்த காற்று' என்றால் காற்றில் ஈரப்பதம் குறைவு. கடலோரத்தில் மழையே இல்லாமல் வறண்ட வானிலை நிலவும் நாளிலும் காற்று பிசுபிசுவென்று ஈரமாக இருக்கலாம். இரண்டையும் கலந்து எழுதினால் தகவலே தவறிவிடும்.

வாடுதல். உயிருள்ளவற்றுக்கே உரியது. பூ வாடும், பயிர் வாடும், முகம் வாடும். இதில் ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது: வாடிய செடி தண்ணீர் ஊற்றினால் நிமிரும். அதைத் தாண்டிவிட்டால் காய்ந்த செடி. மரமாக இருந்து வேரோடு உயிர் போய்விட்டால் பட்ட மரம், 'மரம் பட்டுப்போயிற்று'. வாடியது, காய்ந்தது, பட்டது: இந்த மூன்றையும் வரிசை மாற்றிப் போட்டால் விவசாயம் தெரிந்த யாரும் உடனே பிடித்துவிடுவார். சூட்டில் துவண்டால் வதங்கியது, நிறம் மாறிக் கரியானால் கருகியது. கதிர் வந்தும் மணி பிடிக்காமல் போனால் பயிர் சாவியாகிவிட்டது என்பார்கள். அது நீர்க்குறையால் மட்டும் வருவதில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

படி 2: தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா?

உலர்–உலர்த்து, வாடு–வாட்டு, வதங்கு–வதக்கு, கருகு–கருக்கு என்று பல சொற்களுக்குச் செய்விக்கும் வடிவம் ஒழுங்காக இருக்கிறது. சிக்கல் மூன்று இடத்தில்.

முதலாவது காய். இதன் வடிவம் காய்ச்சு என்றாலும் அது சூடாக்குவதை மட்டுமே சொல்லும்: பால் காய்ச்சு, இரும்பைக் காய்ச்சு. துணியைக் காய்ச்ச முடியாது. துணிக்குக் காயவை, காயப்போடு என்றுதான் வரும். இரண்டாவது வாட்டு. பசி வாட்டுகிறது, குளிர் வாட்டுகிறது, இலையை அனலில் வாட்டி எடு என்கிறோம். பூவை வாட்டு என்று மட்டும் வருவதில்லை. வெயில்தான் பூவை வாட்டும். மூன்றாவது வற்று, வறள். இவற்றுக்கு இன்று வழக்கில் தனி வடிவம் இல்லை. வற்றவை, வற்றச் செய், வறளச் செய் என்று துணைவினை சேர்க்க வேண்டும்.

நீரைத் துணியால் ஒற்றி எடுப்பது இவற்றில் எதுவும் இல்லை. அதற்குத் துவட்டுதல் என்ற சொல் தனியாக இருக்கிறது: தலையைத் துவட்டு. கன்னியாகுமரிப் பக்கம் துவர்த்துதல் என்பார்கள். 'தலையை உலர்த்து' என்றால் காற்றில் விட வேண்டும். 'துவட்டு' என்றால் துண்டு வேண்டும்.

காலத்தையும் பார்த்துவிடுங்கள். வறள்கிறது, வறண்டது, வறளும். 'வறண்டுகிறது' என்று ஒரு வடிவம் கிடையாது. பெயராக்கும்போது வறள் + சி = வறட்சி; ஆள் ஆட்சியாகவும் மீள் மீட்சியாகவும் ஆவது போல.

படி 3: பெயருக்கு முன்னால் வரும்போது

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். வறண்ட, வறட்டு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தாலும் வேலை வேறு. வறண்ட என்பது நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறது: முன்பு ஈரம் இருந்தது, இப்போது இல்லை. வறண்ட ஏரி, வறண்ட உதடு. வறட்டு என்பது குணத்தைச் சொல்கிறது: சாரமே இல்லாதது, எப்போதும் இப்படித்தான். சளி வராத இருமல் வறட்டு இருமல். அதை 'வறண்ட இருமல்' என்று எழுதினால் முன்பு ஈரமாக இருந்த இருமலா என்று தோன்றும். வறட்டுக் கௌரவம், வறட்டுப் பிடிவாதம், வறட்டுத் தத்துவம், வறட்டுச் சிரிப்பு எல்லாவற்றிலும் உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் தோற்றம் என்ற கண்டனம் இருக்கிறது. கற்பனை வறட்சி, சிந்தனை வறட்சி என்று பெயராக வந்தால் கண்டனம் கொஞ்சம் குறைந்து, பற்றாக்குறை மட்டும் நிற்கிறது.

சந்தி எழுத்தும் இதோடு சேர்ந்தது. வறட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின ஒற்றுக்குப் பின் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிகிறது. அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: வறட்டுக் கௌரவம், வறட்டுச் சிரிப்பு. உலர் என்று வினையடி மட்டும் பெயரோடு சேர்ந்தால் அது வினைத்தொகை, ஒற்று மிகாது: உலர் திராட்சை, உலர்பழம். 'உலர்ப்பழம்' பிழை. காய்ந்த, வறண்ட, வற்றிய என்ற பெயரெச்சங்களுக்குப் பின்னும் மிகாது.

படி 4: எதிர்ச்சொல்லைப் போட்டுச் சோதியுங்கள்

எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். நான் பெரிதும் நம்பும் சோதனை இது. 'ஈரமான' என்று எதிரே வந்தால் உலர்ந்த. 'பச்சை' என்று வந்தால் காய்ந்த: பச்சை மிளகாய், காய்ந்த மிளகாய், பச்சை இலை, காய்ந்த இலை. 'நிறைந்த', 'பெருகிய' என்று வந்தால் வற்றிய. 'செழித்த', 'வளமான' என்று வந்தால் வறண்ட. 'மலர்ந்த', 'தளிர்த்த' என்று வந்தால் வாடிய.

மனத்துக்கும் இது செல்லும். தமிழில் ஈரம் என்றால் அன்பும்தான். அதனால் அன்பில்லாதவரை 'நெஞ்சில் ஈரமில்லாதவர்' என்கிறோம். ஆனால் 'உலர்ந்த நெஞ்சம்' என்று சொல்வதில்லை. உலர்தலில் குறை இல்லையே. இரக்கமும் ஆர்வமும் தீர்ந்துபோன மனத்தை 'வறண்ட மனம்' என்கிறோம். அழுது அழுது கண்ணீர் வற்றிவிட்டது என்றால் அது துயரத்தின் அளவு. 'வற்றாத அன்பு' என்றால் ஊற்று இன்னும் சுரக்கிறது.

படி 5: வாயும் தொண்டையும்

ஓர் உறுப்புக்கே மூன்று சொல் பொருந்தும் இடம் இது. பயத்தில் பேச்சு வராதபோது நா உலர்ந்தது என்று எழுதுவார்கள். சற்று நேரத்துக்கான நிலை. தண்ணீர் கிடைக்காமல் நடந்தால் நா வறண்டது, உடலின் தேவை. வெகுநேரம் எதுவும் குடிக்காமல் இருந்தால் தொண்டை காய்கிறது என்று பேச்சில் வரும். உதட்டிலும் அப்படியே: பதற்றத்தில் உலரும், குளிர்காலத்தில் தோல் வெடித்து வறளும், பட்டினியில் காயும். கதை எழுதுபவர்கள் இங்கே சரியான சொல்லைப் போட்டுவிட்டால் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டிய வேலையே இல்லை. 'வறவறவென்று இருக்கிறது' என்ற பேச்சுத் தொடரை எழுத்திலும் தயங்காமல் பயன்படுத்தலாம். தொண்டையின் அந்த உணர்வை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு நெருங்குவதில்லை.

படி 6: நிலம், மழை, பஞ்சம்

வறட்சி நீரின் குறை. பஞ்சம் உணவின் குறை, அதனால் வரும் சாவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்ததைத் தாது வருஷப் பஞ்சம் என்றே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். மழை பொய்த்தது வறட்சி. மக்கள் மடிந்தது பஞ்சம். செய்தியில் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுவது பொறுப்பில்லாத செயல். 'தண்ணீர்ப் பஞ்சம்' என்பது வேறு. அங்கே பஞ்சம் என்பது கடுமையான தட்டுப்பாடு. மழை பொய்த்து வரும் பஞ்சத்துக்குப் பழைய உரைகளில் வற்கடம் என்ற சொல் வரும். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வற்கடம் நீடித்த கதையை இறையனார் அகப்பொருள் உரை சொல்கிறது.

தரிசு என்றால் பயிரிடாத நிலம். அது ஈரமாகவும் இருக்கலாம். புன்செய் என்றால் பாசன நீர் தேங்கும் வயல் அல்லாத நிலம். அதில் நல்ல விளைச்சலும் உண்டு. மழையை மட்டும் நம்பியது மானாவாரி, வானம் பார்த்த பூமி. இவற்றில் எதையும், மழை தவறாத ஆண்டில், 'வறண்ட நிலம்' என்று எழுதக் கூடாது.

வறட்சிக்கும் வறுமைக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வறம் என்றால் மழையின்மை. 'வானம் வறக்குமேல்' வானோர்க்கும் பூசை இல்லை என்கிறது குறள் 18. சிறப்புடைய செல்வருக்கு வரும் சிறிய வறுமை, மழைமேகம் 'வறங்கூர்ந்தனையது', அதாவது வறண்டுபோனதைப் போன்றது, என்கிறது குறள் 1010. செல்வம் போவதும் நீர் போவதும் அந்த மொழியில் ஒரே சொற்குடும்பத்தில் நின்றன. வறியவர் என்ற சொல்லை எழுதும்போது அந்த வறண்ட வானமும் உடன் வருகிறது.

படி 7: வழக்கு குறைந்தாலும் விடக் கூடாதவை

புலர்தல் என்றால் இன்று பொழுது விடிவது மட்டும். ஆனால் ஈரம் போவதும் புலர்தல்தான்; சங்கப் பாடலில் மார்பில் பூசி உலர்ந்த சந்தனம் 'புலர் சாந்து'. 'ஈரம் புலராத கூந்தல்' என்று இப்போதும் எழுதலாம், அழகாகவே இருக்கும்.

உணங்குதல், உணக்குதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். தமிழில் நூல்களோடு நின்றுவிட்டது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது குறள் 1037. நான்கில் ஒரு பங்காகும்வரை காயவிடுவது என்று கணக்கோடு சொன்ன சொல்.

நீரில்லாக் குளத்தை மூதுரை 'அற்ற குளம்' என்கிறது. வற்றிய குளம் என்பதைவிட அது கடுமையானது: ஒரு துளியும் இல்லை.

படி 8: எழுத்துப் பிழைகள்

'வரட்சி', 'வரண்ட' இரண்டும் பிழை. வற்று என்பதில் ற இருப்பதை யாரும் மறப்பதில்லை. அதே ற தான் வறட்சியிலும் வறண்டதிலும். 'உளர்ந்த' என்று எழுதாதீர்கள். உளர் என்றால் இருக்கிறார்கள். மிகவும் கவனிக்க வேண்டியது காய்ந்ததும் காய்த்ததும். மரம் காய்ந்தது என்றால் உயிர் போனது. மரம் காய்த்தது என்றால் காய் பிடித்தது. கை காய்ந்தது என்றால் பணமில்லை. கை காய்த்தது என்றால் உழைத்துத் தோல் தடித்துவிட்டது. ஓர் எழுத்தில் பொருள் தலைகீழாகிவிடும்.

படி 9: செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்கு நீங்களே ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு, பிறகு விடையைப் பாருங்கள்.

கோலம் போட்ட தரை: உலர்ந்தது. மாடியில் விரித்த நெல்: காய்ந்தது. கோடையில் ஆறு: முதலில் வற்றியது, பிறகு வறண்டது. கண்ணாடிக் குவளையில் வைத்த ரோஜா: வாடியது. காயத்தின் மேல் இரத்தம்: முதலில் உறைந்தது, பிறகு காய்ந்தது, உறைதல் கெட்டியாவது மட்டுமே. உருகி வழிந்த மெழுகு: உறைந்தது, அதில் போவதற்கு நீரே இல்லை. சுவரில் அடித்த வண்ணம்: உலர்ந்தது, காய்ந்தது இரண்டும் சரி.

கடைசியாக, பூசிய சிமென்ட். எல்லோரும் காய்ந்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். ஆனால் சிமென்ட் நீரோடு வேதிவினை புரிந்து கெட்டியாகிறது. நீர் சீக்கிரம் போய்விட்டால் வலிமை குறையும். கட்டுமானத்தில் பல நாள் நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பது இதனால்தான். பேச்சில் எப்படி வந்தாலும், எழுத்தில் 'சிமென்ட் இறுகியது' என்றே எழுதுங்கள்.